மரம் பேசியதா? மீன் சிந்தித்ததா?

முதலாண்டு மாணவர்களுக்கு ஐசோடோப்புகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரே தனிமத்தின் அணுக்கள் எடையில் வேறுபடக் கூடும். கார்பன்-12, கார்பன்-13, கார்பன்-14 ஆகிய மூன்றும் வேதியியல் நடத்தையில் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே எடை மிகுந்த கார்பனை ஒரு செடிக்கு ஊட்டிவிட்டால் அது எங்கெங்கே செல்கிறது என்று பின்தொடரலாம். இவ்வளவும் பாடப் புத்தகத்தில் உள்ளதுதான். உணவு இடைவேளைக்குப் பிந்திய வகுப்பு. பலர் கண்களில் தூக்கம் தெரிந்தது. அவர்களை எழுப்புவதற்காக ஒரு கதை சொன்னேன். "காட்டில் தாய்மரம் தன் கன்றுகளுக்கு மண்ணுக்கடியில் பூஞ்சை இழைகளின் வழியே உணவு அனுப்புகிறது. தன் பிள்ளை எது, பிறர் பிள்ளை எது என்பதும் அதற்குத் தெரியும். இந்த ஐசோடோப்புகளைக் கொண்டுதான் இதைக் கண்டுபிடித்தார்கள்" என்றேன். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், கார்பன் அந்தப் பக்கம் போனது தெரியுது. பூஞ்சை வழியாத்தான் போச்சுன்னு எப்படித் தெரியும்? மண்ணு வழியாவும் போயிருக்கலாமே?"

"அதெல்லாம் நிரூபிச்சாச்சும்மா, உட்காரு" என்றேன்.

அன்று மாலை பேருந்தில் வரும்போது அந்த விடை என்னை உறுத்தியது. நிரூபித்தவர் யார், எப்படி நிரூபித்தார் என்று என்னை யாராவது கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். நான் படித்தது ஒரு வார இதழின் கட்டுரையை; மூலக் கட்டுரையை அல்ல. பிறகு சில மாதங்கள் மூலக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். மரத்தில் தொடங்கிய தேடல் மூளைக்கும், அங்கிருந்து கணிப்பொறிக்கும் இழுத்துச் சென்றது. சூழலியல், நரம்பியல், எந்திரக் கற்றல் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற துறைகளாகத் தோன்றலாம். ஆனால் மூன்றிலும் அண்மை ஆண்டுகளில் நடந்துவரும் வழக்கு ஒன்றே. கருவி உண்மையில் எதை அளந்தது என்பதும், அளந்ததாக நாம் எதைச் சொல்லிக்கொள்கிறோம் என்பதும் வெவ்வேறாகிவிட்டன. அந்த இடைவெளியைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

காட்டுக்குள் ஒரு வலை

பெரும்பாலான மரங்களின் வேர்நுனிகளில் பூஞ்சைகள் குடியிருக்கின்றன. மரம் அவற்றுக்குச் சர்க்கரை தருகிறது. பூஞ்சை தன் நுண்ணிழைகளால் மண்ணைத் துழாவி நீரையும், பாஸ்பரஸ், நைட்ரஜன் போன்ற சத்துகளையும் மரத்துக்குக் கொணர்ந்து தருகிறது. இந்தக் கூட்டுவாழ்க்கை நெடுங்காலமாக அறியப்பட்டதே. ஒரே பூஞ்சையின் இழைகள் பக்கத்துப் பக்கத்து மரங்கள் இரண்டின் வேர்களையும் பற்றியிருந்தால், ஒரு மரத்தின் உணவு மற்றொன்றுக்குப் போகுமா? கேள்வி அதுதான்.

கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் சூசான் சிமார்டு என்னும் பெண் அறிவியலாரும் அவருடைய கூட்டாளிகளும் இதற்கு ஒரு சோதனை செய்தனர். 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 'நேச்சர்' இதழில் அது வெளியாயிற்று. பிர்ச், டக்ளஸ் ஃபிர், செடார் என்னும் மூவகை மரக்கன்றுகளைக் காட்டு நிலத்தில் அருகருகே நட்டு வளர்த்தார்கள். பிர்ச்சும் ஃபிரும் ஒரே வகைப் பூஞ்சைகளைப் பகிர்ந்துகொள்ளக் கூடியவை. செடாரின் வேரில் குடியிருப்பது வேறு வகைப் பூஞ்சை; ஆகவே அது இந்த வலையில் சேராது. பிர்ச், ஃபிர் கன்றுகளைப் பைகளால் மூடி, ஒன்றுக்குக் கார்பன்-13 கொண்ட கரியமில வாயுவையும் மற்றொன்றுக்குக் கார்பன்-14 கொண்ட வாயுவையும் செலுத்தினார்கள். பின்னர் ஒன்றன் கார்பன் மற்றொன்றில் இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

இரண்டு ஐசோடோப்புகளை ஏன் எடுத்தார்கள் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்திருந்தால் போனது தெரியும். எதிர்த் திசையில் வந்தது தெரியாது. கார்பன்-14 கதிரியக்கம் உடையது. அதை அக்கதிரியக்கத்தால் எண்ணிவிடலாம். கார்பன்-13 நிலையானது, அதை நிறை நிறமாலைமானியால் பிரித்தறியலாம். ஆக, ஒரே சமயத்தில் இரு திசைகளிலும் நடக்கும் போக்குவரத்தை எண்ணி, வரவில் செலவைக் கழித்து, எந்தப் பக்கம் இலாபம் என்று சொல்லிவிட முடியும். மிக அழகான ஏற்பாடு. இதைப் படித்தபோது, இத்தனை நாள் வகுப்பில் இதைச் சொல்லாமல் தாய்மரக் கதையைச் சொல்லி வந்தோமே என்று வருந்தினேன்.

கிடைத்த முடிவு என்ன? கார்பன் இரு பக்கமும் போய்வந்தது. நிகர இலாபம் ஃபிருக்கு. அது ஒளிச்சேர்க்கையில் எடுத்துக்கொண்ட ஐசோடோப்பு அளவில் சராசரியாக 6 விழுக்காட்டுக்குச் சமம். ஃபிர் கன்றுக்கு நிழலிட்டபோது இந்த வரவின் அளவு மாறியது. வலையில் சேராத செடாரிலும் சிறிதளவு ஐசோடோப்பு காணப்பட்டது. அது சிறிதளவே என்பதால், பெரும்பகுதி பூஞ்சை இழை வழியாகவே சென்றிருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள்.

இங்கே ஒரு கணம் நில்லுங்கள். இச்சோதனையில் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. இருந்தவை வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த இளங்கன்றுகள். பிர்ச்சுக்கு ஃபிர் எந்த உறவும் இல்லை. ஒன்று மற்றொன்றை 'அறிந்து' 'அனுப்பியது' என்பதற்கும் கட்டுரையில் இடமில்லை. அடர்த்தி மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஒரு பொருள் பரவுவதற்கு யாருடைய அன்பும் தேவையில்லை என்பதை மையும் தண்ணீரும் கொண்டு எட்டாம் வகுப்பிலேயே காட்டிவிடலாம்.

அப்படியானால் தாய்மரம் எங்கிருந்து வந்தது? உலகளாவிய கணிப்பொறி வலை பரவத் தொடங்கியிருந்த காலம் அது. 'நேச்சர்' இதழ் அச்சொல்லை வைத்துச் சிலேடையாக, காடளாவிய வலை என்று பொருள்படும் தொடரொன்றை இக்கட்டுரைக்காக ஆக்கிவிட்டது. தொடர் ஒட்டிக்கொண்டது. 2015-இல் ஜெர்மானிய வனக்காப்பாளர் பீட்டர் வோல்லெபென் மரங்களின் மறைவாழ்வைப் பற்றி எழுதிய நூல் பல மொழிகளில் விற்பனையாயிற்று. 2021-இல் சிமார்டே தாய்மரத்தைத் தேடிய தம் வாழ்க்கையை நூலாக எழுதினார். திரைப்படங்களும் தொலைக்காட்சிப் படங்களும் தொடர்ந்தன. கன்றுகளில் எடுத்த அளவு, காடுகளைப் பற்றிய கதையாகி, கடைசியில் என் வகுப்பறைக்கும் வந்து சேர்ந்தது.

2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்செமா என்னும் மூவர் இதை மறுபரிசீலனை செய்து ஒரு கட்டுரை எழுதினார்கள். மூவரும் வேர்ப்பூஞ்சை ஆய்விலேயே வாழ்நாளைச் செலவிடுபவர்கள். ஜோன்ஸ் 1997-ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. தம் பெயரும் இருக்கும் கட்டுரையின் மேல் எழுந்த கதையைத் தாமே உரசிப் பார்ப்பது எளிதான செயல் அன்று.

அவர்கள் மூன்று கூற்றுகளை எடுத்துக்கொண்டார்கள். இத்தகைய வலைகள் காடுகளில் பரவலாக உள்ளன என்பது ஒன்று. வலை வழியே சத்துகள் சென்று கன்றுகள் செழிக்கின்றன என்பது இரண்டு. முதிர்ந்த மரங்கள் தம் சொந்தக் கன்றுகளுக்கு முதலிடம் தந்து உணவும் எச்சரிக்கையும் அனுப்புகின்றன என்பது மூன்று. முதல் இரண்டுக்கும் காட்டில் செய்த சோதனைகள் போதிய சான்று தரவில்லை என்றும், மூன்றாவதற்குக் காட்டில் செய்து வெளியிடப்பட்ட சோதனை எதுவுமே இல்லை என்றும் அவர்கள் முடிவு கூறினார்கள். வலை இல்லவே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. கார்பன் சென்றது உண்மை. ஆனால் வேரிலிருந்து மண்ணில் கசிந்த கார்பனைப் பக்கத்து வேர் உறிஞ்சியிருக்கலாம். பக்கத்து வேரில் காணப்படும் கார்பன் அந்த வேரின் மேலுள்ள பூஞ்சைக்குள்ளேயே நின்றிருக்கலாம். மரத்துக்குள் நுழையாமலும் இருந்திருக்கலாம். இவ்வழிகளை எல்லாம் அடைத்துவிட்டு அளந்தவர்கள் மிகச் சிலரே.

என் மாணவி கேட்டதும் இதைத்தானே!

சிமார்டு இவ்விமர்சனத்தை ஏற்கவில்லை, மறுத்து எழுதியிருக்கிறார். விவாதம் முடியவில்லை. ஆனால் கார்ஸ்ட் குழுவினர் காட்டிய இன்னொரு செய்திதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. பழைய சோதனைகளை மேற்கோள் காட்டும் பிற்காலக் கட்டுரைகளை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, மூலத்தில் "இருக்கலாம்" என்று இருந்தது மேற்கோளில் "இருக்கிறது" என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனையில், விடை 980 என்று முன்பே தெரிந்த மாணவன் அலைவு நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிட்டு எழுதிவிடுவதை எங்கள் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவன் பொய் சொல்வதாக நினைப்பதில்லை. விடைக்கு உதவுவதாக நினைக்கிறான். அறிவியல் இதழ்களில் எழுதுபவர்களுக்கும் அந்த ஆசை இருப்பது புதிய செய்தி அன்று என்றாலும், எண்ணிக் காட்டப்பட்டிருப்பது புதிது.

இதில் நட்டப்படுவது என்ன என்று கேட்கலாம். அழகான கதைதானே, மரத்தை வெட்டாமல் தடுக்குமானால் நல்லதுதானே? நான் அவ்வாறு கருதவில்லை. எந்த மரத்தை விட்டு எந்த மரத்தை வெட்டுவது, கன்றுகளை எங்கே நடுவது என்னும் வனத்துறை முடிவுகள் இதன்மேல் எடுக்கப்படுமானால், கதை தவறும்போது காடு தண்டனை அனுபவிக்கும். காட்டைக் காப்பதற்கு வேறு எத்தனையோ உறுதியான காரணங்கள் இருக்கின்றன.

செத்த மீனின் மூளை

இப்போது மூளைக்கு வருவோம். "காதல் கொள்ளும்போது மூளையின் இந்தப் பகுதி ஒளிர்கிறது" என்று வண்ணப் படத்துடன் செய்திகள் வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூளையில் எதுவும் ஒளிர்வதில்லை. அந்தச் சிவப்பும் மஞ்சளும் கணிப்பொறி பூசியவை. அளக்கப்படுவது காந்தத்தன்மை.

இரத்தச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்கும்போது ஒரு வகையாகவும், இறக்கிவைத்த பின் வேறு வகையாகவும் காந்தப்புலத்தில் நடந்துகொள்கிறது. லைனஸ் பாலிங்கும் கோரியலும் 1936-இலேயே இதைக் கண்டார்கள். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தால் சற்றே ஈர்க்கப்படும். ஆக்சிஜன் ஏற்றது ஈர்க்கப்படாது. மூளையின் ஒரு பகுதி மிகுதியாக வேலை செய்யும்போது அங்கு ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் பாய்ந்து வருகிறது. காந்த ஒத்திசைவுக் கருவியில் வரும் சைகை அங்கே சிறிது மாறுகிறது. 1990-இல் செய்ஜி ஒகாவா காட்டிய இவ்விளைவுதான் இந்தத் துறைக்கே அடிப்படை. ஆக, அளக்கப்படுவது எண்ணம் அன்று. எண்ணத்துக்குச் சில விநாடிகள் பின்னால் வரும் இரத்தம். அதுவும் சில மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக. ஒவ்வொரு கனசதுரத்துக்குள்ளும் பல இலட்சம் நரம்பணுக்கள் இருக்கின்றன.

அமெரிக்க ஆய்வாளர் கிரெய்க் பென்னட்டும் அவருடைய நண்பர்களும் ஒரு சால்மன் மீனை இக்கருவிக்குள் வைத்தார்கள். மீன் செத்துப் போயிருந்தது. அந்த மீனுக்கு மனிதர்களின் படங்களைக் காட்டி, "படத்தில் இருப்பவர் என்ன உணர்ச்சியில் இருக்கிறார் என்று சொல்" என்று முறைப்படி கேட்டார்கள். பிறகு வழக்கமான கணக்கைப் போட்டார்கள். செத்த மீனின் மூளையில் ஒரு சிறு பகுதி 'ஒளிர்ந்தது'! 2009-இல் இதை ஒரு மாநாட்டில் சுவரொட்டியாக வைத்தார்கள். முதலில் சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபெல் பரிசு 2012-இல் இதற்குக் கிடைத்தது.

சிரித்து முடித்தபின் கணக்கைப் பாருங்கள். ஆய்ந்த கனசதுரங்கள் 8064. ஒவ்வொன்றிலும் தற்செயலாகத் தவறான முடிவு வர ஆயிரத்தில் ஒன்று என்னும் வாய்ப்புக்கு இடம் தரப்பட்டது. கேட்பதற்கு மிகக் கண்டிப்பான அளவாகத் தோன்றும். ஆனால் 8064-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 8. அதாவது மீனுக்குள் எதுவும் நடக்காவிட்டாலும் ஏறத்தாழ 8 கனசதுரங்கள் ஒளிர்ந்தே தீர வேண்டும். கிடைத்தவை 16. பத்து நாணயங்களைச் சுண்டிப் பத்தும் தலையாக விழுந்தால் வியப்போம். பதினாயிரம் பேர் ஆளுக்குப் பத்து நாணயம் சுண்டினால், ஏறக்குறைய பத்துப் பேருக்கு அவ்வாறு விழும். அந்தப் பத்துப் பேரை மட்டும் மேடையேற்றி மந்திரவாதிகள் என்று மாலையிடுவது போன்றதே இது. பல முறை சோதிப்பதற்கு உரிய திருத்தத்தைச் செய்தவுடன் மீன் மறுபடியும் செத்துவிட்டது. ஒரு கனசதுரமும் ஒளிரவில்லை.

திருத்தம் செய்தால் போதுமா? சுவீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் எக்லண்டும் கூட்டாளிகளும் 2016-இல் அதையும் சோதித்தார்கள். எதுவும் செய்யாமல் படுத்திருந்த 499 நலமான மனிதர்களின் பதிவுகளை எடுத்து, இல்லாத வேறுபாட்டைத் தேடி ஏறத்தாழ 30 இலட்சம் கணக்கீடுகள் செய்தார்கள். நூற்றுக்கு ஐந்து முறை மட்டுமே தவறவேண்டிய முறைகளுள் சில, நூற்றுக்கு எழுபது முறை வரை தவறின. உலகெங்கும் பயன்பட்ட கணிப்பொறி நிரல்களின் நிலை இது.

இங்கே ஒரு வேடிக்கை. அக்கட்டுரையில், இந்நிரல்களைக் கொண்டு செய்யப்பட்ட ஏறக்குறைய 40,000 ஆய்வுகளின் செல்லுபடி கேள்விக்குரியது என்று ஒரு வரி இருந்தது. செய்தித்தாள்களுக்கு அந்த எண் போதுமானதாயிற்று. "நாற்பதாயிரம் மூளை ஆய்வுகள் குப்பை" என்னும் போக்கில் செய்திகள் பரவின. ஆசிரியர்களே பதறிப்போய் அந்த வரிக்குத் திருத்தம் வெளியிட்டார்கள். உண்மையில் பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவை 3,500 அளவில் இருக்கலாம் என்று அவர்களுள் ஒருவரான தாமஸ் நிக்கோல்ஸ் மதிப்பிட்டார். மிகைப்படுத்தலைக் கண்டித்த கட்டுரையே மிகைப்படுத்தலுக்கு இரையாயிற்று. இதை எழுதும் நானும் அந்த நோய்க்குத் தப்பியவன் அல்லேன். மேலே "மீன் மறுபடியும் செத்துவிட்டது" என்று எழுதும்போது எனக்கும் ஒரு மகிழ்ச்சி இருந்தது.

2022-இல் ஸ்காட் மாரெக் முதலியோர் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார்கள். மூளையின் அமைப்புக்கும் ஒருவருடைய அறிவுத்திறன் அல்லது மனநலத்துக்கும் உள்ள தொடர்பைத் தேடும் ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 50,000 பேரின் பதிவுகளைக் கணக்கிட்டார்கள். தொடர்பு உண்டு, ஆனால் மிக மெல்லியது. அதை நம்பிக்கையுடன் காண ஆயிரக்கணக்கானவர்களைச் சோதிக்க வேண்டும். மூளைப்பட ஆய்வுகளில் வழக்கமாக இருந்துவந்த எண்ணிக்கையோ 25 அளவில்தான். இதனால் மூளைப் படங்களே பயனற்றவை என்று கொள்ளக் கூடாது. ஒரே மனிதரிடம் ஒரு செயலின்போதும் ஓய்வின்போதும் திரும்பத் திரும்ப அளந்து ஒப்பிடும் சோதனைகளுக்கு இந்தக் குறை அவ்வளவாகப் பொருந்தாது. அறுவை செய்யும் மருத்துவருக்கு அவை பயன்பட்டே வருகின்றன.

நுரையீரலைப் பார்க்காத எந்திரம்

இனி கணிப்பொறி. எந்திரக் கற்றல் என்பதில் விதிகளை நாம் எழுதிக் கொடுப்பதில்லை. நிமோனியா உள்ள எக்ஸ்ரே படங்களையும் இல்லாத படங்களையும் ஆயிரக்கணக்கில் காட்டுகிறோம். இரண்டையும் பிரிக்க எது உதவுகிறதோ அதை எந்திரம் தானே பிடித்துக்கொள்கிறது. எதைப் பிடித்துக்கொண்டது என்பதை அது சொல்வதில்லை.

2018-இல் ஜான் செக் என்பவரும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் மூன்று இடங்களைச் சேர்ந்த 1,58,323 மார்பு எக்ஸ்ரே படங்களைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனைப் படங்களில் நிமோனியா 34.2 விழுக்காடு, மற்ற இரண்டு இடங்களின் படங்களில் ஒரு விழுக்காட்டை ஒட்டியே. எந்திரம் என்ன செய்தது? படம் எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதை 100-க்கு 99.9-க்கும் மேலாகச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது. வலம் இடம் காட்டுவதற்காகப் படத்தின் ஓரத்தில் பணியாளர் வைக்கும் உலோகக் குறி ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒவ்வொரு மாதிரி. நடக்க முடியாத நோயாளிகளுக்குப் படுக்கைக்கே கொண்டுவரும் கருவியின் படமும் வேறுபடும். மவுண்ட் சினாய் என்று தெரிந்தால் "நிமோனியா" என்று சொல். மற்றது என்றால் "இல்லை" என்று சொல். நுரையீரலைப் பார்க்காமலேயே நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம்! புதிய மருத்துவமனையின் படங்களைக் கொடுத்தபோது, ஐந்து ஒப்பீடுகளில் மூன்றில் எந்திரத்தின் திறமை தெளிவாக இறங்கியது.

எந்திரம் ஏமாற்றியது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. "இந்த இரு குவியல்களையும் பிரி" என்றோம், பிரித்துத் தந்தது. குவியல்களை அமைத்தவர்கள் நாம். எங்கள் ஆய்வகத்தில் பெரிய கம்பிச்சுருளுக்கு எண் 4 என்று ஒட்டியிருக்கும். சில மாணவர்கள் எடையைத் தொங்கவிடாமலே நான்காம் எண்ணின் விடையை எழுதிவிடுகிறார்கள். குற்றம் ஒட்டிய எனக்கும் உண்டு.

கொரோனாக் காலத்தில் இது பெருங்கூத்தாயிற்று. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களிலிருந்து அந்நோயைக் கண்டறிவதாகக் கூறும் கட்டுரைகள் 2020-இல் வெள்ளம்போல் வந்தன. மைக்கேல் ராபர்ட்ஸ் தலைமையில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த குழுவொன்று 2,212 கட்டுரைகளைத் திரட்டி, சலித்து, தேறிய 62 கட்டுரைகளை நுணுகிப் படித்து 2021-இல் தீர்ப்பு எழுதியது: மருத்துவமனையில் பயன்படத் தக்கது ஒன்றுகூட இல்லை. நோயில்லாத படங்களுக்காகப் பலர் எடுத்துக்கொண்ட பொதுத் தொகுப்பு ஒன்றில் இருந்தவை ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் படங்கள். நோயாளிகளோ பெரியவர்கள். குழந்தையையும் பெரியவரையும் பிரிக்கக் கற்றுக்கொண்ட எந்திரத்துக்குக் கொரோனா நிபுணர் என்று பட்டம் சூட்டியாயிற்று.

எந்திரக் கற்றலைப் பிற துறையினரும் கையாளத் தொடங்கியபின் இது ஒரு துறையின் நோயாக நிற்கவில்லை. பயிற்சிக்குரிய விவரம் தேர்வுத்தாளுக்குள் கசிந்துவிடும் பிழை 17 துறைகளில் 294 கட்டுரைகளைப் பாதித்திருப்பதாக சயாஷ் கபூரும் அரவிந்த் நாராயணனும் 2023-இல் தொகுத்துக் காட்டினார்கள்.

நமக்கு இதில் அக்கறை உண்டு. காசநோயைக் கண்டறிய எக்ஸ்ரே படத்தைக் கணிப்பொறி படிக்கும் முறையை, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பயன்படுத்தலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. எக்ஸ்ரே படிக்கத் தெரிந்த மருத்துவர்கள் போதாத ஊர்களுக்கு இது பெரிய உதவி. எங்கோ பயின்ற எந்திரம் இங்கே வந்து அமரும்போது, எந்த அளவுக்கு மேல் போனால் நோய் என்று ஐயுறுவது என்பதை அந்தந்த ஊரின் படங்களைக் கொண்டு நிர்ணயித்துக்கொள்ள வேண்டும் என்பதும் அம்முறையோடு சேர்ந்ததே. வட்டார மருத்துவமனையில் அந்த இரண்டாவது பாதியைச் செய்கிறவர் யார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இவ்வளவும் படித்தபின் எதையும் நம்பக் கூடாது என்ற எண்ணம் வாசகர்களுக்கு வரலாம். எனக்கும் சில வாரங்கள் வந்தது. அதை மாற்றியது ஒரு பழ ஈ.

2024-ஆம் ஆண்டு அக்டோபரில், ஒரு பெண் பழ ஈயின் முழு மூளைக்கும் வரைபடம் வெளியிடப்பட்டது. கசகசா அளவே உள்ள அம்மூளையை ஏறத்தாழ ஏழாயிரம் மெல்லிய சீவல்களாக்கி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, 1,39,255 நரம்பணுக்களையும் அவற்றுக்கிடையேயுள்ள 5 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளையும் குறித்திருக்கிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மாலா மூர்த்தி, செபாஸ்டியன் சியுங் ஆகியோர் நடத்திய இப்பணியில் நரம்பிழைகளைச் சீவலுக்குச் சீவல் தொடர்ந்து கோடிட்டது எந்திரக் கற்றலே. நரம்பியலும் கணிப்பொறியும் இங்கே கைகோத்தன. ஆனால் எந்திரம் சொன்னதை அவர்கள் அப்படியே அச்சிடவில்லை. எந்திரம் இரண்டு இழைகளைத் தவறாக ஒட்டிய இடங்களையும், ஒன்றை அறுத்துவிட்ட இடங்களையும் மனிதக் கண்கள் தேடித் திருத்தின. ஒரே ஆள் செய்திருந்தால் ஏறக்குறைய 33 ஆண்டுகள் ஆகியிருக்கக் கூடிய வேலை. ஆய்வகத்தாரோடு பொதுமக்களும் தன்னார்வத்தோடு உட்கார்ந்து செய்தார்கள். தவறினால் எங்கே தவறும் என்று தெரிந்து, அங்கே போய் நின்று பார்த்திருக்கிறார்கள். தாய்மரக் கதையில் இல்லாதது இந்தப் பொறுமைதான்.

இந்த வரைபடத்தாலும் ஈயின் மனம் பிடிபட்டுவிடவில்லை. 302 நரம்பணுக்கள் மட்டுமே உள்ள ஒரு சிறு புழுவின் இணைப்புப் படம் 1986-லேயே வெளிவந்துவிட்டது. அப்புழு அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதை இன்றும் அப்படத்திலிருந்து முழுமையாகச் சொல்ல இயலாது. சாலைப்படத்தில் சாலை தெரியும். எந்த வண்டி எப்போது போகும் என்பது தெரியாது. வரைபடத்தை வெளியிட்டவர்களும் வரைபடம் என்றே சொன்னார்கள்.

சென்ற மாதம் அதே வகுப்பில், நான் முன்பு சொன்னது தவறு என்று கரும்பலகையில் பிர்ச், ஃபிர், செடார் மூன்றையும் வரைந்து விளக்கினேன். அந்த மாணவியைப் பார்த்து, "நீ கேட்டது சரியான கேள்விம்மா, அன்னிக்கு நான் சொன்னதுதான் தப்பு" என்றும் சொன்னேன். மகிழ்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அந்தச் செடார் கன்னுலயும் சிறிதளவு இருந்துச்சுன்னு சொன்னீங்களே. சிறிதளவுன்னா எவ்வளவு?"

மூலக் கட்டுரையின் படியொன்றை அவளிடம் கொடுத்திருக்கிறேன். அட்டவணையைப் படித்து, வரும் திங்கட்கிழமை அவள்தான் பாடம் நடத்தப் போகிறாள்.